சாலிஸ்பரி பிரபுவின் படத்தில் விடுபட்டது

ஓவிய வகுப்பில் கேலிச்சித்திரம் பற்றிப் பேச்சு வந்தால் நான் எடுத்துக் காட்டும் படங்களில் ஒன்று, லண்டன் ‘வேனிட்டி ஃபேர்’ வார இதழில் 1869 ஜூலையில் வந்த பிரிட்டிஷ் அரசியல்வாதி சாலிஸ்பரி பிரபுவின் வண்ணப்படம். வரைந்தவர் கார்லோ பெல்லெகிரினி என்ற இத்தாலியர். ‘ஏப்’ என்று கையெழுத்திடுவார். ஆளை எதிரே உட்காரவைத்து வரைகிற வழக்கம் அவருக்கில்லை. நடை, நிற்கிற தோரணை, தோள் சாய்வு எல்லாவற்றையும் கண்ணால் வாங்கிக்கொண்டு போய் நினைவிலிருந்தே வரைவார். அப்படியொரு கை நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் அந்தப் படத்தின் கீழுள்ள வாசகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தன் கட்சிக்கும் காலத்துக்கும் பொருந்தாத அளவுக்கு நேர்மையான டோரி (பழமைவாதக் கட்சிக்காரர்) என்று அது பிரபுவைப் புகழ்கிறது. வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா பிடிக்காமல் 1867இல் அவர் மந்திரி பதவியை உதறினார். அதற்கான பாராட்டு இது. உதறியது எந்தப் பதவி? பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவைக் கவனிக்கும் மந்திரி பதவி. அதில் அவர் அமர்ந்த 1866இல்தான் ஒரிசாவில் பஞ்சம் கொன்று குவித்தது. இரண்டு மாதம் தான் எதுவுமே செய்யவில்லை என்றும், பிறகு மழைக்காலம் துறைமுகங்களை அடைத்துவிட்டது என்றும், பத்து லட்சம் பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது என்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன அளவுக்குக்கூட ஓவியம் சொல்லவில்லை.

1874இல் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அடுத்து வந்தது நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன கொடுமை. சென்னை மாகாணத்து நிவாரண வேலைத்தலங்களில் கல்லுடைத்தவர்களுக்கு நாள் கூலியில் தானிய அளவு ஒரு ராத்தலாகக் குறைக்கப்பட்டது. இது உயிரைப் பிடித்துவைக்கப் போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வைஸ்ராய் லிட்டனோ இந்தப் பஞ்சத்தின் நடுவே 1877 புத்தாண்டு அன்று டெல்லியில் தர்பார் நடத்தினார். அவரையும் அந்த இதழ் வரைந்திருக்கிறது.

கேலிச்சித்திரம் என்றால் அதிகாரத்தில் இருப்பவருக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். இங்கே மூக்கும் தாடியும்தான் கேலிக்குள்ளாயின, செய்த காரியம் தப்பித்துக்கொண்டது. அந்த இதழில் தன் படம் வருவதையே கௌரவமாக நினைத்தார்கள் பெரிய மனிதர்கள். ‘ஸ்பை’ என்ற பெயரில் அங்கே நெடுங்காலம் வரைந்த லெஸ்லி வார்டுக்கு 1918இல் சர் பட்டமே கிடைத்தது. கேலி செய்தவருக்கு அரசே பட்டம் கொடுக்கிறது என்றால் அந்தக் கேலி யாரையும் உறுத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

இப்படங்களின் பிரதிகள் இன்றும் சட்டம் போட்டு விற்பனையாகின்றன. அழகுக்காக வீட்டில் மாட்டுபவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. பாடநூலில் சேர்ப்பவர்களையும் கண்காட்சியில் வைப்பவர்களையும் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சாலிஸ்பரி படத்தின் பக்கத்தில் ஒரிசா 1866, சென்னை மாகாணம் 1876–78 என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.