ஜவ்வாது மலையும் நாமும்

மலைபடுகடாத்தின் 583 அடிகளையும் தேர்வுக்காகப் படித்துத் தேறும் நம் மாணவருள் எத்துணைப் பேர் ஜவ்வாது மலைமீது கால் வைத்திருப்பர்? வினா சற்றுக் கடுமையானதே. ஆசிரியர்களாகிய நம்மையும் சேர்த்தே வினவுகின்றோம்.

பெருங்கௌசிகனார் பாடிய நன்னனின் செங்கண்மா, இம்மலையை அடுத்துள்ள இன்றைய செங்கமே. அவர் பாடிய சேயாறு, இம்மலையிற் பிறக்கும் செய்யாறே. வழிவந்த கூத்தர்க்குத் தினைச்சோறிட்டு ஓம்பிய மலைநாட்டாரை அந்நூல் விரித்துரைக்கின்றது.

இன்று இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (பெயர் கண்டு கேரளத்தார் என மயங்கற்க; மலைவாழ்வோர் என்பதே பொருள், மொழியும் தமிழே) சாமை விதைக்கின்றனர்; புளியும் தேனும் விற்கின்றனர். சாமையை உமியோடு விற்பவர் மலைமகன். அரிசியாக்கி நகரில் நல்விலை பெறுபவர் பிறர். ஆகவே கூலி தேடிப் பலர் மலையிறங்குகின்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறி ஆந்திரக் காவலர் சுட்டுக்கொன்ற 20 தமிழருள் இம்மலையினரும் இருந்தனர். விருந்தளித்த மலை கூலிக்கு உயிர் கொடுத்தது!

காவலூரில் 1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களை நோக்குகின்றது. வேண்டுவதே. அதன் அருகில் வாழ்வோரை நோக்குவது யார்?

உமி நீக்கும் ஆலையும் நேரிய விலையும் மலைமேலேயே கிடைக்கச் செய்தல் அரசின் கடன். அம்மக்களின் பாடல்களையும் உழவுச் சொற்களையும் மரப்பெயர்களையும் முதியோர் வாய்மொழியினின்று எழுதிச் சேர்த்தல் தமிழ்த்துறையின் கடன். வரும் கல்வியாண்டில் ஜமுனாமரத்தூரில் அப்பணியைத் தொடங்க விழைகின்றோம். மாணவியரையும் உடன் அனுப்ப நம் சமுதாயப் பெரியோர் இசைதல் வேண்டும். மலைப்பெண்டிரின் பாடல்களை அவர்களன்றி யார் கேட்டெழுதுவர்?