கையால் திறக்கும் மூடிக்கு மோட்டார் எதற்கு?

காஞ்சீபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கால் வைக்க இடம் இருக்காது. சென்னை, வேலூர், பெங்களூர் என்று நாலா பக்கமும் இருந்து கார்கள் வந்து நிற்கும். கல்யாணப் புடவை எடுக்க ஒரு குடும்பம் கடைக்குள் நுழைந்தால் இலேசில் வெளியே வராது. அதுவரை காருக்கு டிரைவர்தான் காவல்.

இப்போது அந்த வரிசையில் பச்சை நம்பர் பிளேட் கார்களும் சேர்ந்துகொண்டன. பெட்ரோலும் வேண்டாம், டீசலும் வேண்டாம், கரண்டில் ஓடும் கார்கள்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலாளி குடும்பம் புடவை பார்த்துவிட்டு வருவதற்குள் சார்ஜ் ஏற்றி வைத்துவிடலாம் என்று டிரைவர் கிளம்புகிறார். சார்ஜர் அருகே வண்டியை நிறுத்துகிறார். மூடியில் கை வைக்கிறார். திறக்கவில்லை. அமுக்குகிறார். அப்போதும் திறக்கவில்லை.

இந்த இடத்தில் நம்ம ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நாலு பேர் கூடிவிடுவார்கள். "தட்டிப் பாருப்பா" என்பார் ஒருவர். "நகத்தை விட்டு நெம்பு" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆசாமி பக்கத்துக் கடையில் இருந்து ஸ்குரூ டிரைவரையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

'டக்' என்று ஒரு சத்தம். மூடி திறந்துவிட்டது. கூடவே உள்ளே இருந்த பல்சக்கரமும் போய்விட்டது!

பணம் யார் கட்டுவது? கம்பெனியா? முதலாளியா? அல்லது டிரைவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதா?

எலெக்ட்ரிக் காரின் சார்ஜ் மூடிக்கு மோட்டார் வேண்டுமா, கையால் திறந்தால் போதாதா என்ற கேள்வியை இந்த டிரைவர் நிற்கும் இடத்தில் இருந்துதான் பார்க்கவேண்டும். ஷோரூமில் ஏ.சி. காற்றில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லா மூடியும் அழகாகத்தான் திறக்கும்.

நம்ம மாவட்டத்திலேயே இரண்டு ரகம்

இந்த விவகாரத்துக்கு சீமைக்குப் போகவேண்டியதில்லை. காஞ்சீபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் சாண்ட்ரோ கார் வந்தது இங்கிருந்துதான்.

2019 ஜூலையில் இந்தத் தொழிற்சாலை கோனா என்ற எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தது. அப்போது அதன் விலை ரூ.25 லட்சத்து 30 ஆயிரம். அந்தக் காருக்கு முகப்பிலேயே சார்ஜ் மூடி. கார் கதவுப் பூட்டு திறந்திருந்தால் போதும். விரலால் ஓர் அமுக்கு அமுக்கினால் மூடி துள்ளிக்கொண்டு வெளியே வரும். மிச்சத்தைக் கையால் திறந்துகொள்ளவேண்டியது. மூடும்போதும் கைதான். பழைய வீட்டு அலமாரிக் கதவு போலத்தான். ரகசியம் ஒன்றும் இல்லை.

2023 ஜனவரியில் இதே தொழிற்சாலையில் பூட்டப்பட்ட ஐயோனிக்-5 விற்பனைக்கு வந்தது. முதல் 500 பேருக்கு ரூ.44 லட்சத்து 95 ஆயிரம் என்று விலை வைத்தார்கள். இதற்கு மூடி பின்பக்கம் வலது ஓரத்தில். அமுக்கினால் மோட்டார் ஓடி மூடி தானே திறக்கும். மூடுவதும் மோட்டார்தான். பார்க்க 'பலே' என்றுதான் இருக்கும்!

ஆக, ஒரே கேட்டுக்குள் இருந்து இரண்டு ரகம் வந்துவிட்டது. கோனா இப்போது விற்பனையில் இல்லை. அதன் இடத்துக்கு 2025 ஜனவரியில் கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. ஆரம்ப விலை ரூ.18 லட்சத்துக்கு ஓர் ஆயிரம் குறைவு. விலை இறங்க இறங்க இந்த வகைக் கார்கள் பணக்காரர் வீட்டு வாசலில் இருந்து வாடகைக் கார் ஸ்டாண்டுக்கு வரும். அப்போது சார்ஜ் மூடி விவகாரம் நூறு பேர் பிரச்சினையாக இருக்காது. ஊர்ப் பிரச்சினையாகிவிடும்.

அலிபாபா குகை

1956-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைப் பார்க்காத காஞ்சீபுரத்துப் பெரியவர்கள் உண்டா? எம்.ஜி.ஆர். மந்திரம் சொன்னதும் குகைக் கதவு திறக்கும். தியேட்டரில் விசில் பறக்கும். ஆனால் கதையில் இன்னொரு ஆளும் உண்டு. அலிபாபாவின் அண்ணன் காசிம். குகைக்குள் போய்விட்டான். பொன்னைப் பார்த்த மயக்கத்தில் மந்திரத்தை மறந்துவிட்டான். அவன் கதி என்ன ஆயிற்று என்பது எல்லாருக்கும் தெரியும்.

மோட்டார் மூடிக்கும் மந்திரம் உண்டு. சில கார்களில் சாவியில் பொத்தான், சிலதில் உள்ளே இருக்கும் டி.வி. மாதிரித் திரையில். டெஸ்லா காரில் சார்ஜர் கைப்பிடியில் உள்ள பொத்தானை அமுக்கினால் மூடி திறந்துகொள்ளும். போன் மூலமும் திறக்கலாம். போர்ஷே கம்பெனியின் டைகன் காரில் ஆரம்ப ஆண்டுகளில் இந்த மோட்டார் மூடியைக் கூடுதல் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும் வசதியாக வைத்திருந்தார்கள். கையை மூடியின் அருகே இப்படித் தடவினால் அது திறக்கும்.

முதலாளிக்கு மந்திரம் தெரியும். சாவி கொடுத்து அனுப்பிய டிரைவருக்குத் தெரியுமா? ஓட்டல் வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தும் பையனுக்குத் தெரியுமா? மாப்பிள்ளை காரை இரவல் வாங்கி வந்த மாமனாருக்கு? காசிம் இவர்களில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

தூக்குவது கை, திறப்பது மோட்டார்!

விசித்திரத்தைப் பாருங்கள். மூடி ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு. அதைத் திறக்க ஒரு மோட்டார், பல்சக்கரம், ஒயர், சென்சார் எல்லாம் வைக்கிறார்கள். மூடி திறந்தபிறகு என்ன? வேக சார்ஜரின் கேபிள் பெருத்த மலைப்பாம்பு கனம் கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வந்து செருகவேண்டியது மனுஷன் கைதான்! பல வண்டிகளில் மோட்டார் மூடிக்கு உள்ளே இன்னொரு ரப்பர் மூடியும் இருக்கிறது. அதையும் விரலால்தான் பிடுங்கவேண்டும்.

கனமான வேலையைக் கைக்கு வைத்துவிட்டு, இருப்பதிலேயே இலேசான வேலைக்கு மோட்டார் போட்டிருக்கிறார்கள்.

2015-ல் டெஸ்லா கம்பெனி ஒரு படம் காட்டியது. சுவரில் இருந்து இரும்புப் பாம்பு போல ஒரு கை நெளிந்து நெளிந்து வந்து தானே காரில் செருகிக்கொள்ளும். அந்தப் பாம்பு வீட்டுக்கு வீடு வரும் நாளில் மூடியும் தானே திறக்கத்தான் வேண்டும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் தாண்டியும் அந்தப் பாம்பு கடைக்கு வரவில்லை. மூடி மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

காஞ்சீபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். கைத்தறியா விசைத்தறியா என்று இந்த ஊர் பேசாத நாள் இல்லை. இன்னின்ன ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யவேண்டும் என்று 1985-ல் சட்டமே போட்டார்கள். ஆனாலும் நெசவாளி மோட்டாருக்கு விரோதி இல்லை. ஜக்கார்டு பெட்டியை மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்துபோனவருக்கு, அதைத் தூக்கிக் கொடுக்க ஒரு மோட்டார் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறார். அங்கே மோட்டார் ஒரு மனுஷன் வலியைக் குறைக்கிறது. ஊடை போடுவதும் கோர்வை வாங்குவதும் கையோடு நிற்கிறது. எது கையால் ஆகவேண்டும், எது மோட்டாரால் ஆகலாம் என்று பட்டறையில் முடிவு செய்கிறார்கள். கார் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் பிள்ளையார்பாளையம் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தால் நல்லது.

மறுபக்கமும் உண்டு

மோட்டார் மூடியில் நல்லதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விரல் முடக்குவாதத்தில் கஷ்டப்படும் பெரியவர்களுக்கு அது உதவிதான். சார்ஜ் போட்டுவிட்டு மூடியை மறந்து காரை எடுத்துக்கொண்டு போகும் ஆட்கள் நிறைய. டெஸ்லா போன்ற கார்களில் பிளக்கை எடுத்த சற்று நேரத்தில் மூடி தானே மூடிக்கொள்ளும். திறந்த மூடியோடு நம்ம தேரடித் தெருவில் போனால் ஓர் ஆட்டோ உரசினாலே போதும், கீலோடு போய்விடும்.

திறந்து கிடந்தால் ஷாக் அடிக்குமே என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்தப் பயம் வேண்டாம். பிளக்கை முழுசாகச் செருகி, காரும் சார்ஜரும் ஒன்றோடு ஒன்று சங்கேதத்தில் பேசிச் சரி சொன்ன பிறகுதான் கரண்ட் பாயும். மூடி இருப்பது தூசியையும் தண்ணீரையும் தடுக்கத்தான். மோட்டார் மூடியானாலும் கை மூடியானாலும் இதில் வித்தியாசம் கிடையாது.

இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. கரண்ட் போனால் மோட்டார் மூடி திறக்காது, கை மூடி என்றால் கவலை இல்லை என்கிறார்கள். பாதிதான் உண்மை. எலெக்ட்ரிக் காருக்குள் பெரிய பேட்டரியோடு, சாதாரணக் கார்களில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று உண்டு. மூடி மோட்டார் அதில்தான் ஓடுகிறது. அது செத்துப்போனால் பெரும்பாலான கார்களில் சார்ஜே ஏறாது. மூடியைக் கையால் திறந்தாலும் பிரயோஜனம் இல்லை. முதலில் சின்ன பேட்டரிக்கு உயிர் கொடுத்தாகவேண்டும்.

ஆனால் பேட்டரி நன்றாக இருந்து மோட்டார் மட்டும் கெட்டுப்போனால்? அங்கேதான் வயிற்றெரிச்சல். காரில் எல்லாம் சரியாக இருக்கும். சார்ஜர் சும்மா நிற்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் தகடு 'மாட்டேன்' என்று அடம் பிடிக்கும்! நார்வே, கனடா பக்கம் குளிர்காலத்தில் இந்தக் கஷ்டம் பழக்கப்பட்டது. மூடி ஓரத்தில் பனி உறைந்து ஒட்டிக்கொள்ளும். மோட்டார் முக்கும், முனகும், நின்றுவிடும். நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் 100-க்கு 89 எலெக்ட்ரிக் கார்கள் என்பதால் அங்கே இது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. நமக்குப் பனி இல்லை. ஆனால் ரோடு தோண்டிய மண்ணும், லாரி கிளப்பும் புழுதியும், ஐப்பசி மழையில் அதெல்லாம் குழைந்து சேறாவதும் உண்டு. கீல் இடுக்கில் அந்தச் சேறு காய்ந்தால் எப்படி இருக்கும்? கை மூடி என்றால் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காரியத்தை முடித்துவிடலாம். தெருமுனை மெக்கானிக்குக்குத் தெரிந்த வேலை. மோட்டார் மூடி என்றால் கம்பெனி ஒர்க்ஷாப்புக்குத்தான் போகவேண்டும். அங்கே பல்சக்கரம் மட்டும் தனியாகக் கொடுப்பார்களா, மூடியை மொத்தமாகவே மாற்றச் சொல்வார்களா? பில்லைப் பார்த்தால்தான் தெரியும்.

பணக்காரருக்கு அது ஒரு பில். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு அன்றைய சவாரி போச்சு. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு "நீ எதுக்கய்யா நெம்பினே?" என்ற ஏச்சு.

மோட்டார் மூடி வேண்டும் என்கிறவருக்குக் கொடுக்கட்டும். டைகனில் செய்தது போலத் தனி விலை வைத்துக் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு ஸ்பிரிங் மூடியை விட்டுவைக்கட்டும். மோட்டார் வைத்தே தீருவோம் என்றால், மோட்டார் மக்கர் செய்யும்போது கையால் திறக்க ஒரு வழியையும் சேர்த்து வைக்கவேண்டும். அந்த வழி புத்தகத்தின் 300-வது பக்கத்தில் இங்கிலீஷில் ஒளிந்திருந்தால் யாருக்கு லாபம்? டிக்கிக்குள் ஓர் ஓரத்தில் தமிழில் இரண்டு வரி ஸ்டிக்கர் ஒட்ட எத்தனை பைசா ஆகிவிடும்?

கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஷோரூமில் விற்பனைப் பையன் மூடியைத் தொட்டு, அது தானே திறப்பதைக் காட்டுவான். காட்டட்டும். முடிந்ததும், "தம்பி, இதோட மோட்டார் வேலை செய்யலேன்னு வெச்சிக்க. இப்போ திறந்து காட்டு பார்க்கலாம்" என்று கேளுங்கள். போகும்போது வீட்டு டிரைவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.