தலையெழுத்தைப் படித்தவர் யார்?

"தலையெழுத்து வாத்தியாரே, தலையெழுத்து! அவன் தலையில் எழுதியதை டாக்டரா அழிக்கப் போகிறார்?"

ஆரணியில், பட்டுத் தறிகளின் ஓசை ஓயாத தெரு ஒன்றில், திண்ணையில் அமர்ந்தபடி ஒரு பெரியவர் என்னை இவ்விதம் கேட்டார். உள்ளே, குழித்தறியின் ஓரத்தில் சாய்ந்து கிடந்தவர் அவருடைய தம்பி; என் மாணவன் ஒருவனின் தந்தை. இரண்டாண்டுகளாக அவருக்கு இடது காது கேட்பதில்லை. நடந்தால் தள்ளாட்டம். விடியலில் தலைவலி, வாந்தி. ஊரார் கண்டுபிடித்த நோய்களின் பட்டியலோ பெரிது! கண்ணேறு என்றார் ஒருவர். செய்வினை என்றார் மற்றொருவர். குடியின் வாடையே அறியாத அந்த மனிதரைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்றார் மூன்றாமவர். எலுமிச்சம்பழம் அறுபட்டது, கோழி அறுபட்டது, கடன் வாங்கிய பணம் கரைந்தது. அறுக்கப்பட வேண்டிய கட்டி மட்டும் அறுபடாமலே வளர்ந்தது.

கடைசியில் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், செவிநரம்பிலே கட்டி என்றார். புற்று அன்று, மெல்ல வளரும் வகை. ஆயினும் வளரவிட்டால் மூளைத் தண்டையே நெருக்கும் என்றார். அறுவைக்கு நாளும் குறித்தார். அந்த நாள் அட்டமியாம்! போதாதா? நாள் போயிற்று. கட்டி போகவில்லை.

தலையெழுத்து என்கிறார்களே, அதை எவர் படித்தார்? மண்டையோட்டில் நெளிநெளியாக ஓடும் கோடுகளைக் காட்டி, "இதோ பிரம்மன் எழுதியது" என்பார் உண்டு. அவை எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் வாய்கள். குழந்தையின் மூளை வளர இடம் தரவே அவை அவ்வாறு அமைந்துள்ளன. ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949ஆம் ஆண்டு, இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் அத்தகைய துறையை நிறுவினார், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. இராமமூர்த்தி. அன்று முதல் இன்று வரை எத்தனை ஆயிரம் தலைகளைத் திறந்திருப்பார்கள்! கட்டியைக் கண்டார்கள், சீழைக் கண்டார்கள், உறைந்த குருதியைக் கண்டார்கள். எழுத்தைக் கண்டவர் ஒருவரேனும் உண்டா?

பெரியவர் இதற்கு விடை கூறவில்லை. குரலைத் தாழ்த்தி வேறொன்று சொன்னார்: "மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்க மாட்டானாம். எழுந்தாலும் வாய் கோணிவிடுமாம்."

நண்பர்களே, இதை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். அட்டமி மடமை, இது அச்சம். மடமையைச் சாடலாம், அச்சத்துக்கு விளக்கம் தரவேண்டும். நான் கலைப் பட்டம் பெற்றவன், மருத்துவம் பயின்றவனல்லன். படித்தும் கேட்டும் அறிந்ததைக் கூறுகிறேன்.

வாய் கோணும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டு. செவிநரம்பின் பக்கத்திலேயே முகநரம்பு ஓடுகிறது. கட்டி பெருத்தால் அந்நரம்பு அதன்மேல் இழுபட்டு, பட்டிழையினும் மெலிந்து படிந்துவிடும். அதை அறுத்துவிட்டால் கண் மூடாது, வாய் கோணும். எனவே கண்ணருகிலும் வாயருகிலும் உள்ள தசைகளில் மெல்லிய ஊசிகளைப் பொருத்துகிறார்கள். அறுவை மருத்துவர் ஐயமுற்ற இடத்தில் நுண்ணிய மின்சாரத்தைத் தொடுவிப்பார். அங்கே நரம்பு இருந்தால் முகத்தசை துடிக்கும்; கருவி ஒலியெழுப்பும். "இங்கே இருக்கிறேன், வெட்டாதே!" என்று நரம்பே குரல் கொடுக்கிறது. தறியில் இழை அறுந்த பிறகு கண்டு முடிச்சிடுவான் நெசவாளி. இங்கோ அறுமுன்னே அறிய வேண்டும்.

இனித்தான் மயக்க மருத்துவரின் இக்கட்டு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பிலே தடவிய நஞ்சு கியூராரே. அதை 1942இல் மாண்ட்ரீல் நகரில் ஹரோல்டு கிரிஃபித் மயக்க மருத்துவத்துக்குக் கொணர்ந்தார். தசைகளைத் தளர்த்தி உடலை அசைவறக் கிடத்தும் மருந்துகள் அவ்வழியே பெருகின. அறுப்பவருக்கு வசதிதான். ஆனால் தசையைக் கட்டிப்போட்டால் நரம்பின் குரல் எப்படிக் கேட்கும்? ஆகவே தொண்டையில் குழாய் செலுத்தும் வேளையில் மட்டும் சிறிது கொடுத்து, அதன் வேகம் தணியவிடுகிறார்கள். மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் செய்திகளையும் கண்காணிக்க வேண்டுமாயின், முகர வைக்கும் ஆவி மருந்துகளும் அவற்றை மங்கச் செய்துவிடும். எனவே பால்போல் வெளுத்த புரொபொஃபால் என்ற மருந்தையும் வலி நீக்கும் மருந்தையும் நாளம் வழியே அளந்து அளந்து செலுத்துகிறார்கள். தலையோ சட்டத்தில் முள்ளிட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. நோயாளி ஒரு முறை இருமினாலும் கேடு! அசையாத அளவுக்கு உறக்கம் வேண்டும். நரம்பு ஊமையாகாத அளவுக்கு விழிப்பும் வேண்டும். குருதி அழுத்தம் தாழக்கூடாது, மூளை வீங்கக்கூடாது. மணிக்கணக்கில் இந்தக் கயிற்றின்மேல் நடப்பவரின் பெயர் வீட்டாருக்குத் தெரிவதில்லை. அறுத்தவருக்கு மாலை, காத்தவர் யாரென்று கேட்பாரில்லை!

இவ்வளவு காவலிருந்தும் தீங்கே நேராதென்று எவரும் உறுதி தர முடியாது. அதையும் பெரியவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

மயக்க மருந்தை எதிர்த்தவர் நம் ஊரில் மட்டுமா? 1846இல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரைக் காட்டினார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் சிம்சன், பேறுகால வலி தணிக்கக் குளோரோஃபார்ம் தந்தார். வலி ஆண்டவன் விதித்தது, அதைத் தணிப்பதா என்று கிளம்பிய கூச்சலுக்கு விடையாக அவர் ஒரு சிறு நூலே எழுத நேர்ந்தது. 1853இல் விக்டோரியா அரசியே குளோரோஃபார்ம் ஏற்றுப் பிள்ளை பெற்றார். அரசிக்கு ஆகலாம், ஆரணி நெசவாளிக்கு ஆகாதா?

மடமையைச் சாடிய கையோடு மருத்துவமனைகளையும் ஒன்று கேட்பேன். அந்த நெசவாளியிடம் ஒப்புதல் வாங்க நீட்டிய தாள் முழுதும் ஆங்கிலம். "இங்கே கையெழுத்துப் போடு" என்ற மூன்று சொற்களே தமிழ்! பேச்சை ஆளும் பகுதிக்கருகே கட்டி இருந்தால், நோயாளியை விழிக்க வைத்தே அறுப்பதுண்டு. மூளைக்குத் தனக்கென வலி உணர்வு இல்லை. தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். டாக்டர் சாண்டியின் ஆசானான மாண்ட்ரீல் பென்ஃபீல்டு இம்முறையில் பெயர் பெற்றவர். மருத்துவர் தொடத் தொட நோயாளி பேசுவார். பேச்சுத் தடுமாறினால் கத்தி விலகும். அப்போது தமிழனிடம் எம்மொழியில் பேசுகிறார்கள்? தமிழில்தான்! தலை திறந்த பின் தேவைப்படும் தமிழ், திறக்குமுன் ஏன் தேவைப்படவில்லை? அரைமணி நேரம் அருகமர்ந்து, இன்ன மருந்து, இன்ன காவல், இன்ன இடர் என்று தாய்மொழியில் சொல்லியிருந்தால் அட்டமிக்கு அவ்வீட்டில் அவ்வளவு வலிமை ஏது?

நான் சொன்னதையெல்லாம் கேட்ட பெரியவர் நெடுநேரம் தறியையே பார்த்திருந்தார். பிறகு, "அந்த ஊசி குரல் கொடுக்கிறதென்றீரே, அதைக் கேட்டுக்கொண்டு ஒருவர் கூடவே இருப்பாரா?" என்றார். இருப்பார் என்றேன்.

வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள். அது கரிநாள் என்று பக்கத்து வீட்டார் நாட்காட்டியைத் தூக்கி வந்தார்கள். பெரியவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. விடியற்காலைப் பேருந்தில் புறப்படுகிறோம். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.