அனுமன் வரமாட்டான், அரசு வரவேண்டும்!

கம்பம் பள்ளத்தாக்கிலே, உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே, அனுமந்தன்பட்டி என்றொரு பேரூர் உண்டு. கடலைத் தாண்டினான், மூலிகைக்காக மலையையே பெயர்த்து வந்தான் என்று புராணம் புகழும் அனுமனின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். நம்புவோர் நம்பட்டும், அதிலே நமக்கு வழக்கில்லை. கடல்மீதும் மலைமீதும் பறந்து சென்று உயிர் காப்பது இன்று மனிதன் கற்றுத் தேர்ந்த தொழில். அந்தத் தொழிலின் பயன் தென்தமிழகத்து ஏழை எளியோருக்கு உரிய நேரத்தில் கிட்டாதது ஏன்? இதுவே நமது வழக்கு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப் போட்டது. நடுக்கடலிலே மீனவர் தத்தளித்தனர். கரையிலே தாய்மார் கதறினர். காணாமற்போனோரைத் தேடச் சொல்லி, டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மறியலில் அமர்ந்தனர். மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே உறவினரைத் தேடிப் புறப்பட்டனர். 'எங்கள் பிள்ளைகளைத் தேடுங்கள்' என்று கேட்பதற்கே ரயிலை மறிக்கவேண்டிய நிலை!

மூன்று திங்கள் கழிந்தன. 2018 மார்ச் 11 அன்று, நமது தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையிலே காட்டுத்தீ. மலையேறச் சென்றவர்கள் தீயின் நடுவே சிக்கினர். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து குரங்கணி, பறந்து சென்றால் நூறு கிலோமீட்டர் அளவே. ஆயினும் இருளும் புகையும் செங்குத்துச் சரிவும் குறுக்கே நின்றன. அன்றிரவு மலையேறிக் காயமுற்றோரைச் சுமந்து இறக்கியவர் யார்? ஊர் மக்கள்; வனத்துறையினர்; தீயணைப்பு வீரர்; காவலர். மறுநாள் விடிந்த பின் ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் பிணங்களையே தூக்கின. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம்.

'இயற்கையின் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?' என்பர் நாற்காலியில் அமர்ந்தோர். செய்ய முடியும் என்று உலகம் காட்டி எண்பது ஆண்டுகள் ஆகின்றன. 1945 நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் கரையருகே, புயலில் சிக்கிய எண்ணெய்ப் படகிலிருந்து இருவரை ஹெலிகாப்டர் ஒன்று வின்ச் கம்பியால் தூக்கிக் காத்தது.

அந்தத் தொழிலின் தன்மையை அறிந்தால் நமது கோரிக்கையின் நியாயம் விளங்கும். விமானி தனக்கு நேர் கீழே இருப்பதைக் காண இயலாது. வாசலில் மண்டியிட்டிருக்கும் வின்ச் இயக்குநரே அவருக்குக் கண். முன்னே, வலப்புறம், அப்படியே நில் என்று அவர் சொல்லச் சொல்ல, விமானி அந்தரத்தில் அசையாது நிறுத்தவேண்டும். இறங்கும் கொக்கி முதலில் நீரையோ தரையையோ தொடவேண்டும்; அதற்குமுன் கையால் பற்றினால், பறக்கும் இயந்திரத்தில் சேர்ந்த மின்னூட்டம் தாக்கும். கொக்கியைப் படகில் கட்டிவிட்டால் ஹெலிகாப்டரே வீழ நேரும். இரவுக் கடலின்மேல் தொடுவானம் தெரியாது. கருவி காட்டும் உயரமே துணை. கடலில் விழுந்தால் மேற்பாரத்தால் இயந்திரம் தலைகீழாகக் கவிழும். மூழ்கும் கூட்டிலிருந்து வெளியேறவும் தனிப்பயிற்சி வேண்டும். மலையிலோ, வெப்பமும் உயரமும் தூக்கும் ஆற்றலைக் குறைக்கும். சுழலியின் காற்றே தீயை விசிறிவிடும்.

இத்தனை நுட்பமும் விபத்து நாளன்று வானிலிருந்து குதித்து வருமா? 2022 ஏப்ரலில் ஜார்க்கண்டின் திரிகூட மலையில், ரோப்கார் விபத்தில் சிக்கிய ஒருவர் ஹெலிகாப்டரின் வாசல்வரை தூக்கப்பட்ட பின்னும் கீழே விழுந்து மாண்டார். கடைசி ஓர் அடியில்கூட உயிர் நழுவும் தொழில் இது. இடைவிடாப் பயிற்சியும், எந்நேரமும் ஆயத்தமாய் நிற்கும் அணியும் இன்றி இது நடவாது.

வானோட்டிகளை நாம் குறை கூறவில்லை. 2024 செப்டம்பர் 2 அன்று, போர்பந்தர் கடலில் ஒரு கப்பலில் காயமுற்றவரை மீட்கச் சென்ற கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் கடலில் வீழ்ந்தது, மூவர் உயிரீந்தனர். 2025 சனவரி 5 அன்று அதே போர்பந்தரில் அதே வகை ஹெலிகாப்டர் மற்றொன்று வீழ்ந்து, மேலும் மூவர் மாண்டனர். காக்கப் போனவரையும் காக்காத ஏற்பாட்டையே நாம் சாடுகிறோம்.

'ஹெலிகாப்டரை ஆயத்தமாய் நிறுத்தினால் செலவாகுமே' என்பர். ஆகும்தான். பிரிட்டனில் மீட்பு ஹெலிகாப்டர், அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்திலும் இரவில் 45 நிமிடத்திலும் கிளம்பவேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். குளச்சலுக்கு எத்தனை நிமிடம்? குரங்கணிக்கு எத்தனை நிமிடம்? டெல்லி விடை சொல்லட்டும்! துயருற்ற மீனவருக்குக் கடலில் உதவுவது கடமை என 1978 ஆம் ஆண்டின் கடலோரக் காவல்படைச் சட்டமே கூறுகிறது. சட்டம் கடமை என்றதை டெல்லி கருணை என்று காட்டுவது ஏன்? 2023 டிசம்பர் வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலின் பயணிகளுக்கு ஹெலிகாப்டர் உணவு கொண்டு சென்றது. தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் மக்களையும் மீட்டது. முடியாததன்று என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே கேட்கிறோம். குமரிக் கடலுக்கு ஒன்றும், மேற்குமலைத் தொடருக்கு ஒன்றும், இரவிலும் இயங்கவல்ல மீட்பு ஹெலிகாப்டர் அணிகளை நிலையாக நிறுத்துக! அழைப்பதும் அனுப்புவதும் கோப்பில் உறங்காவண்ணம், மாநில அரசுக்கு நேரடி அதிகாரம் தருக! மீனவரும் மலைமக்களும் வனத்துறையினரும் வானோட்டிகளுடன் சேர்ந்து ஆண்டுதோறும் ஒத்திகை செய்ய வழி காண்க! விபத்து விசாரணை அறிக்கைகளை மக்கள் முன் வைத்திடுக!

சென்னைக்கும் பங்குண்டு. தீயணைப்புப் படையும் வனத்துறையும் மாநிலத்தின் கையில் உள்ளவை. ஒத்திகைக்கு டெல்லியின் கையொப்பத்தை எதிர்நோக்கத் தேவையில்லை.

தோழர்களே! அனுமந்தன்பட்டி முதல் குளச்சல் வரை, கிளைதோறும் கூடித் தீர்மானம் இயற்றுங்கள். உங்கள் ஊரில் ஹெலிகாப்டர் இறங்கத்தக்க திடல் எது, மின்கம்பி குறுக்கிடாத வெளி எது என்று குறித்து மாவட்ட ஆட்சியரிடம் அளியுங்கள். மலையைப் பெயர்த்து வர எவனும் வரப்போவதில்லை. வரவேண்டியது அரசு, வரவைக்க வேண்டியவர்கள் நாம்!