ஏழாண்டு கடந்த காருக்கு யார் பொறுப்பு? எரிபொருள் அமைப்புப் பழுதும் சட்டத்தின் இடைவெளியும்

திருவனந்தபுரம்: அளவுகாட்டியின் முள் பாதி டேங்க் பெட்ரோல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்க, நெடுஞ்சாலையின் நடுவே என்ஜின் அணைந்துவிடுகிறது. பழைய கார் வைத்திருப்போர் நீண்டகாலமாகக் கூறிவரும் புகார் இது. முள் ஏறி இறங்கித் தடுமாறுவது, பெட்ரோல் நிரப்பிய பின்னும் முள் அசையாதிருப்பது, காலையில் வண்டி கிளம்பாமல் அடம்பிடிப்பது, டேங்க் பக்கமிருந்து பெட்ரோல் வாடை வீசுவது ஆகியவையும் இத்துடன் சேர்ந்தே வருகின்றன. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்த பின்னர் இப்புகார்கள் புதிய கவனம் பெற்றுள்ளன. இத்தகைய பழுதுக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்குச் சட்டம் தரும் விடை, காரின் வயதைப் பொறுத்தே மாறுகிறது.

முள் ஏன் பொய் சொல்கிறது?

எரிபொருள் அளவுகாட்டியின் இயக்கம் எளிமையானது. டேங்கினுள் ஒரு மிதவை பெட்ரோலின் மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. அதனுடன் இணைந்த கம்பியின் முனை, மின்தடைப் பட்டை ஒன்றின் மீது உரசி நகர்கிறது. அங்கு மாறும் மின்தடையே ஓட்டுநரின் முன்னுள்ள முள்ளை நகர்த்துகிறது. பல ஆண்டுகள் உரசியதால் பட்டை தேய்ந்தாலோ, அதன் மீது படிவு சேர்ந்தாலோ, மின் இணைப்பில் துரு ஏறினாலோ முள் தவறான அளவைக் காட்டும்.

பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இந்த உணரியும் பெட்ரோல் பம்பும் ஒரே தொகுதியாக டேங்கினுள் பொருத்தப்பட்டுள்ளன. சுற்றியுள்ள பெட்ரோலே பம்பைக் குளிர்விக்கிறது. முள் பொய் சொல்வதால் டேங்க் அடிக்கடி வற்றினால் பம்ப் சூடாகி அதன் ஆயுள் குறையும். சிறு பழுதாகத் தொடங்குவது பெரிய செலவாக முடிவது இப்படித்தான். உணரி மட்டும் தனி உதிரிபாகமாகக் கிடைக்காத மாடல்களில் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிய நிலை ஏற்படுகிறது.

எரிபொருளின் தரமும் அளவுகாட்டியைப் பாதிக்கும். 2004 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா, லூசியானா உள்ளிட்ட மாநிலங்களில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்கப்பட்டதால், கார்களில் வெள்ளி கலந்த உணரிகள் பழுதடைந்தன. ஷெல் நிறுவனம் நூற்றுக்கணக்கான நிலையங்களில் விற்பனையை நிறுத்த நேர்ந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 தரத்தின்படி பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே இருக்கலாம். எனவே இங்கு இப்போது விவாதம் எத்தனாலைப் பற்றியது.

எத்தனால்: அரசின் கூற்றும் உரிமையாளர்களின் கவலையும்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த நிலையங்களில் அறிமுகமானது. 2030ஆம் ஆண்டுக்கென முதலில் வகுக்கப்பட்ட இலக்கு முன்கூட்டியே 2025இல் எட்டப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் தயாரான வாகனங்களின் பாகங்கள் இந்த எரிபொருளைத் தாங்கும் வகையில் அமைந்தவை. அதற்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் 10 சதவீதம் வரையிலான கலவைக்கு உரியவை.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சும் இடமும் அதுவே. இரு பருவமழைகளையும் கடற்காற்றையும் எதிர்கொள்ளும் திருவனந்தபுரத்தில், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கப்படும் பழைய கார்களுக்கு இந்த அபாயம் கூடுதல். வெளிநாட்டில் பணிபுரிவோரின் வீடுகளில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்கள் கேரளத்தில் ஏராளம்.

மைலேஜ் குறித்து நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே ஒரு கணக்கைத் தந்துள்ளது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சீரமைத்த கார்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என அது மதிப்பிட்டது. பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் அளித்த விளக்கத்தில் அச்சங்கள் மிகைப்படுத்தப்பட்டவை எனக் கூறியது. அதே விளக்கத்தில், சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரிடலாம் என்றும், அது செலவு குறைந்த வேலை என்றும் தெரிவித்தது. எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி செய்தது.

ஆக, மாற்ற வேண்டிய பாகங்கள் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டுள்ளது. அச்செலவு காரின் உரிமையாளரையே சேர்கிறது.

புதிய கார்களுக்குக் கிடைத்த தீர்வு

எரிபொருள் அமைப்புப் பழுது பழைய கார்களுக்கு மட்டும் உரியதன்று. மாருதி சுசூகி நிறுவனம் 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைப் பெட்ரோல் பம்ப் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. ஹோண்டா இந்தியா நிறுவனம் அதே காரணத்துக்காக 2020இல் 65,651 கார்களையும், 2021இல் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,000க்கும் மேற்பட்ட கார்களையும் திரும்ப அழைத்தது. கடந்த 2025 நவம்பரில் மாருதி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் அளவுகாட்டியே. எரிபொருளின் உண்மையான அளவை முள்ளும் எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என அந்நிறுவனம் கூறியது.

முள் தவறாகக் காட்டுவது திரும்ப அழைக்கத் தக்க குறை என்பதை உற்பத்தியாளரே ஏற்றுக்கொண்டார் என்பதே இங்கு முக்கியம். புதிய காரில் இலவசமாகச் சரிசெய்யப்படும் அதே குறை, பழைய காரில் தேய்மானம் எனக் கொள்ளப்படுகிறது. இவற்றில் சில உண்மையிலேயே தேய்மானம்தான். எனினும் எது தேய்மானம், எது தயாரிப்புக் குறை எனப் பிரித்துச் சொல்லும் ஆய்வை யார் செய்வது என்பதில்தான் சிக்கல் உள்ளது.

சட்டம் நிற்கும் இடம்

மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 வாயிலாகச் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, பழுதுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இரு வரம்புகளை விதிக்கின்றன. வாகனம் ஏழு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். புகார்களும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்ட வேண்டும். ஆண்டுக்கு 10,000க்கு மேல் விற்கும் கார் மாடலுக்கு அந்த எண்ணிக்கை 1,250. உத்தரவை ஏற்காவிட்டால் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

அமெரிக்காவில் விசாரணையைத் தொடங்க இத்தனை புகார்கள் வேண்டும் என்ற வரையறை இல்லை. திரும்ப அழைக்கப்படும் காரை இலவசமாகச் சரிசெய்யும் கடமை அங்கு 15 ஆண்டுகள் வரை நீடிக்கிறது.

கேரளத்தில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டலாம். 15 ஆண்டு கடந்த கார்களுக்கான வரியை மாநில அரசு 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் 50 சதவீதம் உயர்த்தியது. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கான பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 10,000 ரூபாயாக்கியது. காருக்கு வயது ஏறும்போது கட்டணம் உயர்கிறது. பாதுகாப்போ ஏழாவது ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது. புதிய கார் வாங்க இயலாமல் இரண்டாம் கையாக வாங்கி ஓட்டும் குடும்பங்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றன.

இது பணம் மட்டும் சார்ந்த விவகாரமன்று. 2023 பிப்ரவரியில் கண்ணூரில் ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பிடித்ததில் கர்ப்பிணியும் அவரது கணவரும் உயிரிழந்தனர். வாகனங்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததை அடுத்து, காரணங்களை ஆராய அதே ஆண்டில் கேரள அரசு தொழில்நுட்பக் குழு அமைத்தது. தீ விபத்து ஒவ்வொன்றும் எரிபொருள் கசிவால் நேர்வதில்லை. மின்கசிவும் முக்கியக் காரணம். ஆயினும் வெடிப்பு விழுந்த ரப்பர் குழாயும் பெட்ரோல் வாடையும் அலட்சியப்படுத்தத் தக்கவையல்ல.

நுகர்வோர் ஆணையத்தில் வழி உண்டா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் புகார் அளிக்க வழி உண்டு. வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. குறையைக் கண்டறியப் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதற்கட்டப் புகாரைப் பதியலாம். ஆனால் வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அணுக வேண்டும். உற்பத்திப் பொறுப்பு குறித்த பிரிவு, பொருளுக்கே நேர்ந்த சேதத்தைப் பாதிப்பாகக் கருதுவதில்லை. பம்ப் மாற்றிய செலவை மட்டும் அப்பிரிவின் கீழ் கேட்பது கடினம்.

எனவே உரிமையாளர்கள் ஆவணங்களைக் காப்பது அவசியம். பெட்ரோல் நிரப்பிய ரசீது, கிலோமீட்டர் அளவு, பழுதுபார்ப்பு ரசீது, கழற்றிய பழைய பாகம் ஆகியவை பின்னர் சான்றாகும். காரின் சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் அது உள்ளதா எனப் பார்க்கலாம். இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு அறிவிப்புக் கடிதம் சென்று சேராமல் போக வாய்ப்புண்டு என்பதால் இது அவர்களுக்குக் கூடுதல் முக்கியம். அளவுகாட்டி சரியாகும்வரை கால் டேங்குக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டுவது பம்பைக் காக்கும். விலை குறைவு என்பதால் களியக்காவிளை எல்லையைத் தாண்டிப் பெட்ரோல் நிரப்பக் காத்திருக்கும் கார்களுக்கும் இது பொருந்தும்.

மாநிலப் போக்குவரத்து ஆணையரகமும் மாநில நுகர்வோர் ஆணையமும் திருவனந்தபுரத்தின் வழுதக்காடு பகுதியிலேயே உள்ளன. பதிவுப் புதுப்பிப்புக்கு வரும் ஒவ்வொரு பழைய காரிலும் கண்டறியப்படும் எரிபொருள் அமைப்புக் குறைகளை மாடல் வாரியாகத் தொகுத்தால், எது தேய்மானம், எது தயாரிப்புக் குறை என்பதற்கான முதல் சான்று அரசின் கையிலேயே கிடைக்கும். ஏழாண்டு வரம்பை மறுஆய்வு செய்வது மத்திய அரசின் கையில் உள்ளது. தகவலைத் தொகுக்கத் தொடங்குவதற்கு மாநிலம் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.