கிட்னி கேன்சர்: ஆபரேஷன் தாங்காத உடம்புக்கு ரேடியேஷன் கைகொடுக்குமா?

வயிற்றுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போவார் தாத்தா. ரிப்போர்ட்டில் சம்பந்தமே இல்லாமல் சிறுநீரகத்தில் ஒரு கட்டி தெரியும். பலருக்கும் சிறுநீரகப் புற்றுநோய் இப்படித் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. 'ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்' என்பதுதான் டாக்டர்களின் வழக்கமான பதில். சரி, அவருக்கு 77 வயது, இதயமும் வீக் என்றால்?

ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் நடந்த 'ஃபாஸ்ட்ராக் 2' ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது. மெல்பர்ன் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் டாக்டர் சங்கர் சிவா தலைமையிலான இந்த ஆய்வின் முடிவுகள், 2024-ல் 'லான்செட் ஆன்காலஜி' இதழில் வெளியாகின. ஆபரேஷன் செய்ய முடியாதவர்கள், வேண்டாம் என்று மறுத்தவர்கள் என மொத்தம் 70 பேர். அதில் பாதிப் பேர் 77 வயதைத் தொட்டவர்கள்.

'கிட்னி கேன்சர் ரேடியேஷனுக்கு மசியாது' என்றுதான் டாக்டர்கள் பல காலம் நம்பினார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தபோது பெரிதாகப் பலனும் இல்லை. இங்கே அந்தக் கணக்கையே மாற்றினார்கள். 4 செ.மீ வரையிலான கட்டிக்கு ஒரே சிட்டிங்கில் 26 கிரே. அதைவிடப் பெரிய கட்டி என்றால் மூன்று சிட்டிங்கில் 42 கிரே. நாம் மூச்சுவிடும்போது சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும், தெரியுமா? அந்த அசைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பல கோணங்களிலிருந்து கதிர்களைக் கட்டியில் குவிக்கிறார்கள். கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

ரிசல்ட்? ஒரு வருட முடிவில், சிகிச்சை கொடுத்த இடத்தில் ஒருவருக்குக்கூட கட்டி மறுபடி வளரவில்லை. ஆய்வுக் காலத்தில் கேன்சரால் யாரும் இறக்கவில்லை.

'சூப்பர், அப்போ ஆபரேஷனே வேண்டாமே!' என்று ஃபேமிலி குரூப்பில் ஃபார்வேர்டு பண்ணுவதற்கு முன், கொஞ்சம் பொறுங்க. ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு இவர்களை நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. 7 பேருக்கு வயிற்றுவலி, வாந்தி மாதிரியான கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் இரண்டு வருடங்களில் சராசரியாக 61-லிருந்து 15 புள்ளிகள் வரை குறைந்தது. கட்டியும் உடனே மறைந்துவிடாது, மெதுவாகத்தான் சுருங்கும். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபரேஷனைத் தாங்குகிற உடம்பு என்றால், இன்றைக்கும் அதுதான் முதல் சாய்ஸ். அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால், 'இந்த வயசுல ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொல்லி அனுப்பிவிட்டால், அதோடு ஃபைலை மூடிவிடாதீர்கள். ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட் ஒருவரிடமும் ஸ்கேனைக் காட்டுங்கள். கட்டி எத்தனை செ.மீ, குடலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, இன்னொரு சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.