வெளிச்சத்தைத் தடுக்கவும் நேரம் கொடுங்கள்

விளக்கை நடிகரின் முகத்தில் நேராக அடிக்காமல், வெள்ளைத் துணியிலோ தெர்மாகோலிலோ அடித்துத் திருப்பிவிடும் முறை இன்று எல்லாப் படப்பிடிப்பிலும் உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து அதன்மீது விளக்குகளை அடித்தார். வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் முற்றத்துக்குக் கிடைத்தது. அந்த மென்மையை நாம் விரும்பி எடுத்துக்கொண்டோம். ஆனால் அதோடு சேர்ந்து வரும் சிதறல் ஒளியை அடக்கும் வேலைக்கு, பெரும்பாலான படப்பிடிப்புகளில் நேரமும் ஒதுக்குவதில்லை, ஆளும் ஒதுக்குவதில்லை. படத்தின் தரம் இங்கேதான் அடிபடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

வெள்ளிப் பூச்சுள்ள ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே திசையில் அனுப்பும். பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்போ எல்லாத் திசைக்கும் வாரி இறைக்கும். அறைக்குள் ஓர் இரவுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் தெர்மாகோல், நடிகையின் இடக் கன்னம் இருளில் இருக்க வேண்டும். ஆனால் தெர்மாகோலிலிருந்து கிளம்பிய வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி அந்தக் கன்னத்தை நிரப்பிவிடுகிறது. சுவர் பச்சை என்றால் தாடைக்கு அடியிலும் பச்சை ஏறும். லைட்மேன் இடப்பக்கம், ஃபிரேமுக்குச் சற்று வெளியே, ஒரு கருப்புத் துணியை நிறுத்துகிறார். கன்னத்தின் விளிம்பு தெளிகிறது, முகத்துக்கு வடிவம் வருகிறது. விளக்குக்கும் தெர்மாகோலுக்கும் இடையே, ஓரத்தில் ஒரு கட்டர் (வெளிச்சத்தை வெட்டும் கருப்புத் தடுப்பு) வைத்தால், பலகையைத் தாண்டிப் பின்சுவருக்கு ஓடும் வெளிச்சமும் நிற்கும். வெளிப்புறத்தில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். சூரியன் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. கண்ணாடி போன்ற ரிஃப்ளெக்டர் காற்றில் ஒரு டிகிரி அசைந்தாலோ, திரும்பும் வெளிச்சம் இரண்டு டிகிரி விலகும். பத்து மீட்டர் தள்ளி அது ஓர் அடிக்கு மேல். முகத்தில் விழ வேண்டியது தோளுக்குப் போய்விடும்.

"டிஐ-யில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள், அதாவது படப்பிடிப்புக்குப் பின் கணினியில் நிறமும் வெளிச்சமும் திருத்தும் கட்டத்தில். கன்னத்தை அங்கே இருட்டாக்க முடியும், மறுக்கவில்லை. ஆனால் நடிகர் திரும்பும்போதெல்லாம் அந்தத் திருத்தமும் கூடவே நகர வேண்டும். ஒரு ஷாட்டுக்குச் செய்வதை நூறு ஷாட்டுக்குச் செய்தால் அதுவும் செலவுதான். லென்ஸில் நேராகப் புகுந்து கருப்பைச் சாம்பலாக்கிய வெளிச்சத்தை முழுதாக வெளியேற்ற எந்தக் கணினியாலும் ஆகாது. சின்ன பட்ஜெட் படத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. தேவைப்படுவதோ கருப்புத் துணி, சட்டம், ஸ்டாண்டு, அவற்றை நிறுத்தத் தெரிந்த கை. புதிய விளக்கின் வாடகையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ரசிகருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது. காரணம் தெரியாவிட்டாலும், இருட்டாக இருக்க வேண்டிய அறை வெளுத்துக் கிடப்பது அவர் கண்ணுக்குத் தப்பாது.

தயாரிப்பாளர்களுக்கும் உதவி இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தெர்மாகோல் கேட்கும் அதே பட்டியலில் கட்டரையும் கருப்புத் துணியையும் எழுதுங்கள். "லைட் ரெடியா?" என்று அவசரப்படுத்தும் முன், அவற்றை நிறுத்த லைட்மேன்களுக்குப் பத்து நிமிடம் விடுங்கள்.